ஒற்றைத் தட்டு

இது நடந்த கதை. நம்பாதவர்கள் அசோக் நகரில் எங்கள் வீட்டுக்காரம்மா விஜயலக்ஷ்மி மாமியிடம் கேட்டுப் பார்க்கலாம். பேயைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவருடைய துளசி மாடத்தை இடித்தவன் யார் என்று கேட்டால் என் பெயர், என் அப்பா பெயர், எங்கள் கடை விலாசம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்வார்.

இடித்தது நான்தான். 1974-ஆம் வருஷம், ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை பார்த்துத் துளசி மாடத்தை இடிப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். என் வேனைப் பின்பக்கமாக எடுத்து வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த கொட்டகைக்குள் விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. என் மனைவி தங்கபுஷ்பம் பின்னால் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வேனுக்குப் பின்னால் கண்ணாடி கிடையாது. முழுக்கத் தகரக் கூண்டு. ஸ்டியரிங் பிடிப்பவனுக்குப் பின்பக்கம் ஒன்றுமே தெரியாது. காதுதான் கண். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் பாஷைதான் எங்களுக்கும். கூண்டில் இரண்டு தட்டு தட்டினால் 'வா'. ஒரே தட்டு தட்டினால் 'நில்'.

டப்... டப்.

வந்தேன். மாடம், செடி, மண், அகல் விளக்கு எல்லாம் போயிற்று.

"அத்தான்! நான் ஒண்ணுல்லா தட்டுனேன்!"

"ரெண்டு தட்டின, புஷ்பம்."

"ஒண்ணு! சாமி சத்தியமா ஒண்ணு!"

மாமி ஈரப் புடவையோடு ஓடி வந்தார். "ஏண்டாப்பா கருணாகரா, நோக்கு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

அந்த வித்தியாசம் எனக்கு மூன்று வயதிலேயே பழக்கிவிட்டார்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. மாமியின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் விஷயம் தி.நகர் கடைக்குப் போய்விட்டது. என் அண்ணன் நல்லசிவம் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கேட்டான். "ஏலே, தட்டுக் கடைக்காரனுக்குத் தட்டு எண்ணத் தெரியலியே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்களுக்கு ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை. தட்டுதான் எங்களுக்குச் சோறு.

ஆனால் நான் கேட்டது இரண்டு.

*

எங்கள் கடை என்றேன். கடை அண்ணனுடையது. நான் அதில் ஒரு ஸ்டூல் மாதிரி. உட்காரலாம், நகர்த்தலாம், கல்லாப் பக்கம் மட்டும் போட மாட்டார்கள்.

அந்த ஸ்டூலுக்கு ஒருநாள் யோசனை வந்தது. அடையாறு, பெசன்ட் நகர் பக்கமெல்லாம் புதுசு புதுசாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே இருக்கும் பெண்கள் ஒரு கரண்டி வாங்குவதற்குக்கூட பஸ் பிடித்துத் தி.நகர் வர வேண்டும். கடையையே வண்டியில் ஏற்றி அவர்கள் வாசலுக்குக் கொண்டுபோனால் என்ன?

அண்ணன் சிரித்தான். புஷ்பம் சிரிக்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அப்போதுதான் அவள் உண்டாகியிருந்தாள். "பிள்ள பொறக்கையில நீங்க சொந்தமா ஒரு தொழில் செஞ்சிக்கிட்டு இருக்கணும் அத்தான்" என்றாள். அவள் அதைச் சொல்லியிருக்காவிட்டால் நான் அந்த வேனை வாங்கியிருக்கவே மாட்டேன்.

வேன் ஈக்காட்டுத்தாங்கலில் பீர் முஹம்மது பட்டறையில் நின்றுகொண்டிருந்தது. பழைய ஸ்டாண்டர்டு வேன். நான்கு சக்கரமும் செங்கல் மேல். ஒரு காலத்தில் ஏதோ இறால் கம்பெனிக்காக ஐஸ் ஏற்றிப்போன வண்டி. கூண்டுக்குள் தலையை விட்டால் ஈர உமி வாசனை. ஐஸ் கட்டி உருகாமல் இருக்க உமியும் உப்பும் போட்டு மூடுவார்களே, அந்த வாசனை.

"கம்பெனி ஏன் வித்திச்சு?" என்று கேட்டேன்.

"புது வண்டி வாங்கிக்கினான்."

"ஓட்டின டிரைவர்?"

"போய்ட்டான். இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தியா, வண்டி பாக்க வந்தியா? கோத்திரம்லாம் கேக்குற!"

நன்றாகத்தான் பேசினார் பீர் முஹம்மது. எஞ்சினைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் சொல்வார். வண்டி யாரிடம் இருந்தது என்று கேட்டால் டீ சொல்லிவிடுவார். நான் குடித்த டீயில் இன்னொரு வேன் வாங்கியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் அங்கே போய் வேலை செய்தேன். துருவைச் சுரண்டினேன். உள்ளே மரப்பலகை அடித்தேன். என் கட்டைவிரலில் அடித்தது போக மீதி பலகையில் அடித்தேன். தட்டுக்கு ஒரு அடுக்கு, குடத்துக்கு ஒரு அடுக்கு, கரண்டிக்குக் கொக்கி. வெளியே நீல பெயின்ட்.

பெயின்ட் எல்லா இடத்திலும் பிடித்தது. ஓர் இடத்தில் மட்டும் பிடிக்கவில்லை. இடது பக்கம், பின் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். உள்ளங்கை அகலம். மூன்று தடவை சுரண்டி மூன்று தடவை அடித்தோம். அடுத்த ஞாயிறு போனால் அங்கே பெயின்ட் உப்பி, உரிந்து, துரு எட்டிப் பார்க்கும்.

"உப்பு எறங்குன தகரம். அப்டித்தான் கீது" என்றார் பீர் முஹம்மது. நியாயமான பதில். நானும் விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் அப்போதே கவனித்திருக்க வேண்டும். அந்தப் பட்டறையில் எந்த வண்டி பின்னால் வந்தாலும் ஆட்கள் கூண்டைத் தட்டித்தான் வழி சொல்வார்கள். லாரிக்குத் தட்டு. டெம்போவுக்குத் தட்டு. என் வேனுக்கு மட்டும் விசில். யாராவது ஒருவர் தள்ளி நின்று வாயில் விரலை வைத்து விசில் அடிப்பார். அந்தத் தகரத்தில் ஒருவர் கை வைத்து நான் பார்த்ததில்லை.

வண்டியை எடுக்கும் நாளில் பீர் முஹம்மது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நைனா. விசில் அட்ச்சி ரிவர்ஸ் எடு. தட்டாத."

"ஏன் பாய்?"

"பெயின்ட்டு போய்டும்."

பெயின்டின் மேல் இவருக்கு இத்தனை பாசமா என்று சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் வந்து புஷ்பத்திடம் சொன்னேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நடுத்தெருவுல நின்னு கட்டுன புருசனப் பாத்து விசிலடிக்கணுமா? எங்க அம்மை கேட்டா நாண்டுக்கிட்டுச் சாவா!"

அதனால் அவள் தட்டினாள்.

*

மாடம் இடிந்த பிறகு நான் முதலில் சந்தேகப்பட்டது என் காதை. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் காது சுத்தம் செய்கிறவரிடம் போய் உட்கார்ந்தேன். இரண்டு காதிலும் ஒன்றுமில்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

அடுத்த வாரம் சரக்கோடு பெசன்ட் நகர் போனேன். தனியாக. வியாபாரம் சுமார். மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஒரு புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்தி, முன் சீட்டில் உட்கார்ந்து, புஷ்பம் கட்டிக் கொடுத்த எலுமிச்சம் சாதத்தைத் திறந்தேன்.

பேய்க்கு நடுராத்திரிதான் ஆபீஸ் நேரம் என்று யார் சொன்னது?

டப்.

பின்னால். இடது பக்கம்.

யாரோ பாத்திரம் வாங்க வந்திருக்கிறார்கள். "சாப்பிட்டுட்டு வர்றேம்மா" என்று குரல் கொடுத்தேன்.

பதில் இல்லை. மழை மட்டும்.

டப்.

கை நிறைய சோறோடு இறங்கிப் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. இரண்டு பக்கமும் காலி மனை. ஒரு நாய்கூட இல்லை.

மழை விட்டது. மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

டப்.

இந்தத் தடவை நன்றாகக் கேட்டேன். தோள் உயரத்தில் நின்று தட்டுகிற சத்தம் அல்ல. கீழேயிருந்து வருகிற சத்தம். ஈரக் கையால் தட்டியது போல... மொத்தையாக...

இறங்கிக் குனிந்தேன். சக்கரத்துக்குப் பின்னால், அந்தப் பெயின்ட் பிடிக்காத இடத்தின் கீழே, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விரலை நீட்டினேன். சுரீர் என்றது. மழைத் தண்ணீர் அப்படிக் குளிராது. நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

அன்றைக்கு எலுமிச்சம் சாதத்தை அந்த நாயற்ற தெருவிலேயே கொட்டிவிட்டு வந்தேன். புஷ்பத்திடம் சொல்லவில்லை. ஏழு மாதக்காரியிடம் என்னவென்று சொல்வது? கூண்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, தகரம் சூட்டில் விரிந்து சத்தம் போடுகிறது, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழையில் தகரம் எப்படிச் சூடாகும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் மனதில் தங்கியது. நான் தனியாக இருந்தபோது கேட்டது எல்லாம் ஒற்றைத் தட்டு.

*

அந்த மாதக் கடைசியில் அது நடந்தது.

மாலை ஆறே முக்கால். அந்த வருஷம் கரன்ட் போவது வழக்கம்தான். போயிருந்தது. நல்ல மழை. வேனைக் கொட்டகைக்குள் விட வேண்டும். வெளியே விட்டால் கரண்டி எல்லாம் நனையும். எவர்சில்வர் நனைந்தால் என்ன ஆகும் என்று இன்றைக்கு யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை.

புஷ்பம் குடையும் அரிக்கேன் விளக்குமாக வந்தாள்.

"நீ உள்ள போ. நானே விட்டுக்கிடுதேன்."

"எதுக்கு? மாமி வீட்டுச் சுவரும் மிச்சம் இருக்குன்னா?"

சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"சத்தம் போட்டா மழையில கேக்காது. தட்டு" என்றேன். நான்தான் சொன்னேன். அதை நான் யார் மேலும் போட முடியாது.

அவள் பின்னால் போனாள். கொட்டகையின் பின்சுவருக்கும் வண்டிக்கும் நடுவில்.

டப்... டப்.

வா.

மெதுவாகப் பின்னால் வந்தேன். ஓர் அடி... இன்னும் கொஞ்சம்...

டப்.

பிரேக்கில் கால் வைத்தேன். நில் என்கிறாள்.

டப்.

ஓ. இரண்டு. வா என்கிறாள்.

ஒரு கணம் யோசித்தேன். அந்த இரண்டாவது...

கீழேயிருந்து வந்ததோ?

காலை எடுத்துவிட்டேன்.

வண்டி ஒரு துள்ளு துள்ளியது.

ஏதோ நொறுங்கியது.

"அத்தா...!"

எஞ்சின் நின்றுவிட்டது.

நான் நிறுத்தவில்லை. கிளட்சை எப்போதும் போல படக்கென்று விட்டிருந்தேன். அதனால் தானாக நின்றது. பட்டறை ஆட்கள் எல்லோரும் பார்த்துப் பார்த்துச் சிரித்த என் கிளட்ச். அதை ஒழுங்காக விடத் தெரிந்த ஒருவன் அன்றைக்கு அந்த சீட்டில் இருந்திருந்தால்...

ஓடினேன்.

அரிக்கேன் உடைந்து கிடந்தது. குடை சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நசுங்கி, கம்பிகள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. குடைக்குப் பக்கத்தில், மூலையில், சுவரோடு சுவராக, வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு புஷ்பம் நின்றாள்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேலைத் தலைப்பு மட்டும் பம்பரில் மாட்டியிருந்தது. அதை எடுக்க என் கை வரவில்லை. அவளே கிழித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஒண்ணு தட்டுனேன்" என்றாள். மெதுவாக.

"புஷ்பம்..."

"சேலை மாட்டிக்கிட்டுன்னு ஒண்ணு தட்டுனேன்."

"எனக்கு ரெண்டு கேட்டுது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது பயம். என்னைப் பார்த்துப் பயம். நான் சொன்ன அத்தனை ஜோக்குக்கும் முதல் ஆளாகச் சிரித்தவள்.

"தகரம் ஐஸ் மாதிரி இருந்துச்சி" என்றாள். "கை எரியுது."

அன்றிரவு அவள் மாமி வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டாள். மறுநாள் பெட்டி கட்டினாள். வளைகாப்புக்கு எப்படியும் ஊருக்குப் போக வேண்டியவள்தான். ஆனால் எழும்பூர் ரயில் நிலையத்தில் ஜன்னல் வழியாக அவள் சொன்னது வளைகாப்பைப் பற்றி அல்ல.

"ஒண்ணு நான் பொய் சொல்லணும். இல்ல நீங்க பொய் சொல்லணும். இல்லன்னா உங்களுக்குப் புத்தி சரியில்லன்னு இருக்கணும். எதுன்னு தெரியாம பச்சப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன், அத்தான்."

ரயில் கிளம்பியது. கார்டு விசில் அடித்தார்.

விசில்.

தட்டாத... பெயின்ட்டு போய்டும்.

*

நேரே ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போனேன். பீர் முஹம்மது என் முகத்தைப் பார்த்தவுடன் டீக்குக் கை காட்டினார். "டீ வேண்டாம் பாய்" என்றேன்.

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "தட்டுனியா?"

"என் பொண்டாட்டி தட்டினா."

"இன்னா ஆச்சி அவங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகல. வயித்துப்பிள்ளைக்காரி பாய்."

வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது நைனா. அல்லா சத்தியமா. என் பசங்க தட்டுனா எண்ணிக்க தப்பா வருதுன்னாங்கோ. விசில் அடிங்கடான்னேன். அவ்ளோதான்." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "நொச்சிக்குப்பம். பக்கிரி. அவன்தான் ஓட்னவன். என் பேரச் சொல்லாத."

மறுநாள் காலையில் வேனை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் வழியாகக் கடற்கரைக்குப் போனேன். வழியெல்லாம் ஒற்றைத் தட்டு. லஸ்ஸில் ஒன்று. சாந்தோமில் ஒன்று. நான் நிற்கவில்லை. நின்றால் மறுபடி கிளம்பியிருக்க மாட்டேன்.

பக்கிரி கட்டுமரத்தடியில் உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் அவர் மனைவி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நீல பெயின்ட் அடித்திருந்தும் தூரத்திலேயே வண்டி அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"இன்னாத்துக்கு இட்டாந்த அத்த இங்க?"

"நீங்க ஓட்டின வண்டிதானே?"

"நான் எதையும் ஓட்ல. போ. எட்த்துக்கினு போ."

போகத்தான் திரும்பினேன். எனக்குச் சண்டை வராது. ஆனால் ரயில் ஜன்னல் ஞாபகம் வந்தது.

"என் சம்சாரம் ஒண்ணு தட்டினேங்கிறா. எனக்கு ரெண்டு கேட்டுது. அவ செத்திருப்பா. நான் பைத்தியமா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, போயிடுறேன்."

பக்கிரி திரும்பினார்.

"எத்தினி கேட்டுது?"

"ரெண்டு."

"சத்தியமா?"

"அவ மேல சத்தியமா."

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "கெங்கம்மா! கேட்டுக்கினியா? ரெண்டாம்! இந்த ஆளுக்கும் ரெண்டு கேட்டுதாம்!"

கெங்கம்மா கூடையைக் கழுவுவதை நிறுத்தியிருந்தாள்.

"ஆறு வர்சம் நைனா" என்றார் பக்கிரி. "குட்ச்சிட்டு ஓட்னேன்னாங்கோ. அன்னிக்கு ஒரு சொட்டு தொட்ல. ஒரு ஆள் நம்பல. என் மச்சான்தான் கிளீனரு. கன்னியப்பன். இவ கூடப் பொறந்த தம்பி. ஐஸ் கொட்டாயாண்ட ரிவர்ஸ் எட்த்துக்கினு இருக்கேன். அவன்தான் பின்னால. ரெண்டு தட்டு. நல்லா கேட்டுது. வந்தேன்..."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு தட்னவன் ஏன் நைனா நவுரல? வா வான்னு தட்டிட்டு அங்கியே ஏன் நின்னான்? தெனம் ராவெல்லாம் அத்தயே கேட்டுக்கினு கீறேன்." வலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து அலைப் பக்கமாக நடந்து போய்விட்டார்.

நான் வண்டிக்குத் திரும்பினேன். பின்னால் காலடிச் சத்தம். கெங்கம்மா.

அவள் வண்டியைச் சுற்றி வரவில்லை. தேடவும் இல்லை. நேராக இடது பின் சக்கரத்துக்குப் போனாள். நான் மூன்று தடவை சுரண்டி அடித்த இடம் மறுபடி உரிந்திருந்தது. இப்போது விரல்கள் தெரிந்தன. ஐந்தும்.

"உன் சம்சாரம் எத்தினி தட்னிச்சி?"

"ஒண்ணு."

"போய் உள்ள குந்து."

"எதுக்கும்மா?"

"குந்து நைனா."

போய் ஸ்டியரிங் பின்னால் உட்கார்ந்தேன். காலை நேரம். வெயில். நாலா பக்கமும் ஆள் நடமாட்டம், மீன் ஏலம் போடுகிற சத்தம். இருந்தும் கதவைச் சாத்தாமல் ஒரு காலை வெளியிலேயே வைத்துக்கொண்டேன்.

டப்.

அவள் கை. வளையல் சத்தமும் சேர்ந்து கேட்டது.

பிறகு...

டப்.

வளையல் இல்லாமல். கீழேயிருந்து. ஈரமாக.

இறங்கிப் போனேன். கெங்கம்மா தரையில் உட்கார்ந்து, தகரத்தில் கையை வைத்தபடி இருந்தாள். அந்தக் கை சிவந்திருந்தது.

"எத்தினி?" என்றாள்.

"ரெண்டு. நீங்க எத்தனை தட்டினீங்க?"

"ஒண்ணு."

"எனக்கு யாரும் பதில் சொல்ல மாட்டேங்கிறாங்கம்மா. நீங்களாவது சொல்லுங்க. அந்த இன்னொண்ணு யாரு?"

அவள் கடற்கரையைப் பார்த்தாள். பக்கிரி தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் கேட்க முடியாத தூரம்தான். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னிக்கு மழ. கன்னியப்பன் வயுக்கி வுழுந்துட்டான். கால் சக்கரத்துக்குக் கீழ மாட்டிக்கிச்சி. கத்துனான், மழைல கேக்கல. படுத்தவாக்குல கைய ஒசத்தித் தட்னான். இதோ, இங்க. நான் எதுக்கால கூடையோட வந்துக்கினு இருந்தேன். கூடையப் போட்டுட்டு ஓடியாந்தேன்."

"அவர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"இல்ல." துருப்பிடித்த அந்த ஐந்து விரல்களின் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள். "ஒண்ணு அவன் தட்னான், நைனா. ஒண்ணு நான் தட்னேன். ரெண்டு பேருமே நிறுத்துன்னுதான் தட்னோம்."